சாற்றிலிருந்து மருந்துக்கு: தாவரப் பொருள்களைப் புற்றுநோய்க்கு எதிராகச் சோதிப்பதில் எது சான்று?

தாவரத்தின் இலையையோ பட்டையையோ வேரையோ உலர்த்திப் பொடித்து, எத்தனால், மெத்தனால், நீர் முதலிய கரைப்பான்களில் ஊறவைத்து வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்கினால் எஞ்சுவது பிசுபிசுப்பான ஒரு சாறு. நூற்றுக்கணக்கான சேர்மங்கள் அதில் கலந்திருக்கும். அந்தச் சாறு புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சியைத் தடுக்கிறதா என்று பார்ப்பது, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மருந்தியலில் இடையறாது நடந்துவரும் பணி. அது பலன் தந்த பணியும்கூட. நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும் வந்தன. பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து பாக்ளிடாக்செல் வந்தது. சீனத்துக் கேம்ப்டோதெகா மரத்தின் ஆல்கலாய்டு டோப்போடெகன், இரினோடெகன் ஆகியவற்றுக்கு மூலமாயிற்று. போடோஃபில்லம் கிழங்கின் சேர்மம் எடோபோசைடுக்கு மூலமாயிற்று. இந்த நான்கு குடும்பங்களும் இன்றும் புற்றுநோய்ச் சிகிச்சையின் அன்றாட மருந்துகள்.

இந்த வெற்றிகளைச் சுட்டிக்காட்டித்தான் இன்று கல்லூரி ஆய்வகங்களில் மூலிகைச் சாற்று ஆய்வுகள் தொடங்கப்படுகின்றன. ஆனால் வெற்றி பெற்றவை எவ்வழியில் வந்தன, தோற்றவை எங்கே தோற்றன என்று பார்த்தால், பெரும்பாலான சாற்று ஆய்வுகள் அந்த வழியில் இல்லை என்பது தெரியும். செல்லைக் கொல்லும் சாறு எளிதில் கிடைக்கும். சாற்றில் எந்தச் சேர்மம் கொல்கிறது, எந்த அளவில் கொல்கிறது, அந்த அளவு மனித உடலில் எட்டக்கூடியதா, எட்டினால் நோயாளி தாங்குவாரா என்ற கேள்விகளுக்கு விடை தேடும் திட்டத்தோடு செய்யப்பட்ட சோதனை மட்டுமே சான்றாகிறது. மற்றவை வேதிப்பொருளின் நச்சுத்தன்மை பற்றிய குறிப்புகள்.

நித்தியகல்யாணி: தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று

நித்தியகல்யாணி மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்டது. தமிழ்நாட்டில் வேலியோரத்திலும் கோயில் நந்தவனத்திலும் சுடுகாட்டிலும் பூத்துக் கிடக்கும் இச்செடி, தென்மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் ஏற்றுமதிக்காகப் பயிரிடவும் படுகிறது. உலகின் பல பகுதிகளில் இதன் இலைக் கஷாயம் நீரிழிவுக்குக் கொடுக்கப்பட்டது. 1952இல் ஜமைக்காவிலிருந்து வந்த இலைகள், கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிளின் கைக்குச் சேர்ந்ததும் அந்தப் பெயரால்தான்.

சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஊசிவழி செலுத்தியபோது எலிகள் சில நாள்களில் கிருமித் தொற்றால் இறந்தன. ஆய்வு அங்கேயே முடிந்திருக்கலாம். நோபிளும் அவருடன் சேர்ந்த வேதியியலாளர் சார்லஸ் பீரும் தொற்று ஏன் வந்தது என்று கேட்டார்கள். வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. எலும்பு மஜ்ஜை வாடியிருந்தது. வேகமாகப் பிரியும் மஜ்ஜைச் செல்களை ஒடுக்கும் பொருள், வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோயையும் ஒடுக்கலாம் என்பது அடுத்த ஊகம். 1958இல் வின்பிளாஸ்டின் தூய வடிவில் பிரிக்கப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்காவின் ஈலை லில்லி நிறுவனத்தில் கார்டன் சுவோபோடா முதலியோர் தனி வழியில் அதே செடியை அணுகி, எலிகளின் ரத்தப் புற்றுநோயில் சாற்றின் செயலைக் கண்டிருந்தனர். வின்பிளாஸ்டினுக்கு 1961இலும் வின்கிறிஸ்டினுக்கு 1963இலும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஹாட்ஜ்கின் நோய்க்கும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கும் அமைந்த கூட்டுச் சிகிச்சைகளில் இவை நிலையான இடம் பெற்றன.

இரண்டும் ஏறத்தாழ ஒரே மூலக்கூறு. ஒரு மெத்தில் தொகுதி இருந்த இடத்தில் ஒரு ஃபார்மைல் தொகுதி, அவ்வளவே வேறுபாடு. ஆனால் வின்பிளாஸ்டின் முக்கியமாக எலும்பு மஜ்ஜையைத் தாக்குகிறது. வின்கிறிஸ்டின் நரம்புகளைத் தாக்குகிறது. பயன்படும் நோய்களும் முழுக்க ஒன்றல்ல. ஒரே செடியின் ஒரே இலையில் இப்படிப்பட்ட இரண்டும் வெவ்வேறு விகிதத்தில் கலந்திருக்கும்போது, ‘நித்தியகல்யாணிச் சாறு’ என்று பொதுவாகச் சொல்வதால் மருத்துவருக்கு எந்தத் தகவலும் கிடைப்பதில்லை. உலர்ந்த இலையில் வின்கிறிஸ்டினின் பங்கு மிக மிகச் சொற்பம். ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ இலை வேண்டும். கஷாயம் குடித்து அந்த அளவை எட்ட முடியாது.

மரபு எதை முன்னறிவித்தது

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஜொனாதன் ஹார்ட்வெல், உலகின் பல மொழி நூல்களிலிருந்தும் நாட்டு வழக்குகளிலிருந்தும் புற்று, கட்டி, மரு ஆகியவற்றுக்குப் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட 3,000க்கும் மேற்பட்ட தாவர இனங்களைத் தொகுத்து 1967 முதல் 1971 வரை தொடராக வெளியிட்டார். அந்த நிறுவனம் 1960இலிருந்து 1982 வரை அமெரிக்க வேளாண் துறையின் துணையோடு தாவரங்களைச் சேகரித்து, சுமார் 1,14,000 சாறுகளைச் சோதித்தது. அதற்கு இணையான வேறொரு தேடல் அதுவரை நடந்ததில்லை. அதிலிருந்து பரந்த பயன்பாட்டுக்கு வந்த மருந்துகளை விரல் விட்டு எண்ணலாம்.

அவற்றுள் தலைசிறந்த இரண்டும் மரபறிவின் வழிகாட்டலில் வந்தவை அல்ல. 1962 ஆகஸ்டில் தாவரவியலாளர் ஆர்தர் பார்க்லே வாஷிங்டன் மாநிலக் காடொன்றில் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தது, கண்ணில் படும் இனங்களையெல்லாம் சேகரிக்கும் பொதுத் திட்டத்தின் ஒரு பகுதியாகத்தான். கேம்ப்டோதெகாவின் கதை இன்னும் வேடிக்கையானது. மன்ரோ வால் என்ற வேதியியலாளர் 1950களில் கார்டிசோன் தயாரிக்க உதவும் ஸ்டீராய்டு மூலங்களைத் தேடிச் சேர்த்த சாறுகள் ஹார்ட்வெல்லுக்கு அனுப்பப்பட்டன. அந்தக் குவியலில் தனித்து நின்றது கேம்ப்டோதெகா. 1966இல் வாலும் மன்சுக் வானியும் கேம்ப்டோதெசினின் அமைப்பை வெளியிட்டனர். 1971இல் அதே குழு, பாக்ளிடாக்செலின் அன்றைய பெயரான டாக்சாலின் அமைப்பை வெளியிட்டது. நித்தியகல்யாணியில் மரபு சொன்னது நீரிழிவு. அமெரிக்கப் பழங்குடியினர் புற்றுக்குப் பயன்படுத்தியதாகக் குறிக்கப்பட்ட போடோஃபில்லத்தில் மட்டுமே மரபுக்கும் முடிவுக்கும் நேரடித் தொடர்பு தெரிகிறது.

இதனால் மரபறிவு பயனற்றது என்றாகிவிடாது. அந்தப் பெருந்தேடலின் முடிவுகளை 1976இல் அலசிய ஸ்பிஜட், பெர்டியூ ஆகியோர், மருத்துவ வழக்கு உள்ள தாவரங்களில் செயலுள்ளவற்றின் விகிதம் பொதுச் சேகரிப்பைவிட உயர்ந்திருப்பதைக் காட்டினர். ஆனால் அம்பு நஞ்சு, மீன் நஞ்சு போன்றவற்றுக்குப் பயன்பட்ட தாவரங்களில் அவ்விகிதம் அதைவிடவும் உயர்ந்திருந்தது. மரபு திறமையாக முன்னறிவிப்பது உயிர்ச்செயல் உள்ளதா என்பதை, குறிப்பாக நஞ்சுள்ளதா என்பதை. எந்த நோய்க்கு என்பதை அன்று. பழைய நூல்களில் ‘புற்று’ எனப்படுவது ஆறாத புண், சீழ்க்கட்டி, தோல்நோய் ஆகியவற்றையும் உள்ளடக்கும். நுண்ணோக்கியில் திசுவைப் பார்த்துச் செய்யும் நோயறிதல் இல்லாத காலத்துக் குறிப்புகளை இன்றைய நோய்ப்பெயரோடு பொருத்துவது ஆய்வாளரின் ஊகமே.

கண்ணாடிக் கிண்ணத்தின் கணக்கு

இன்று சாறுகளின் முதற்சோதனை பெரும்பாலும் எம்டிடி முறையில் நடக்கிறது. 1983இல் மோஸ்மன் அறிமுகப்படுத்திய இம்முறையில், மஞ்சள் நிற டெட்ராசோலியம் உப்பை உயிருள்ள செல்களின் நொதிகள் ஊதா நிற ஃபார்மசானாக மாற்றுகின்றன. நிறத்தின் செறிவை அளந்து உயிரோடுள்ள செல்களின் விகிதம் கணக்கிடப்படுகிறது. பாதியாகக் குறைக்கும் செறிவுக்கு ஐசி50 என்று பெயர். 96 குழிகள் கொண்ட ஒரு தட்டு, புனேயின் தேசியச் செல் அறிவியல் மையத்திலிருந்து வாங்கிய ஹீலா அல்லது எம்சிஎஃப்-7 செல்கள், நிறம் அளக்கும் கருவி. இவை போதும். செலவு குறைவு என்பதே இம்முறையின் பரவலுக்குக் காரணம்; அதில் தவறும் இல்லை.

சிக்கல் முடிவைப் படிப்பதில் இருக்கிறது. தாவரச் சாறுகளில் மிகுந்துள்ள பாலிஃபீனால்கள், செல் எதுவும் இல்லாத குழியிலேயே டெட்ராசோலியத்தை ஊதாவாக்க வல்லவை. அப்போது இறந்த செல்களும் உயிரோடிருப்பதாகத் தோன்றும். பச்சையமும் பிற நிறமிகளும் அளவீட்டில் குறுக்கிடும். டானின்கள் புரதங்களோடு கண்டபடி ஒட்டிக்கொண்டு எந்தச் செல்லையும் சிதைக்கும். ஆகவே செல் இல்லாமல் சாறு மட்டும் சேர்த்த குழிகளின் அளவீட்டைக் காட்டாத எம்டிடி முடிவு ஐயத்துக்குரியது. சாதாரணச் செல்லோடு ஒப்பிடாத முடிவும் அப்படியே. ஒப்பீட்டுக்குப் பலர் எடுக்கும் வீரோ செல்கள் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்தவை; மனித மார்பகப் புற்றுச் செல்லுக்கு அவை எவ்வகையில் இணை என்பதை ஆய்வேடுகள் பெரும்பாலும் விளக்குவதில்லை. செல் வரிசையின் அடையாளமே தவறாகவும் போகலாம். வால்-வானி காலத்தில் வாய்ப்புற்றுச் செல் என்று நம்பப்பட்ட கேபி வரிசை, உண்மையில் ஹீலா செல்களால் மாசுபட்டு ஹீலாவாகவே மாறியிருந்தது பின்னர் தெரியவந்தது. மார்பகப் புற்று என்று பல்லாண்டுகள் பயன்பட்ட எம்டிஏ-எம்பி-435, மெலனோமாவிலிருந்து வந்தது.

இவற்றைவிட அடிப்படையானது அளவின் கணக்கு. ஒரு சாற்றின் ஐசி50 மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு மேற்பட்ட எண்களும் செயலுள்ளவையாக அச்சேறுகின்றன. வளர்ந்த ஒருவரின் உடல்நீர் சுமார் 40 லிட்டர். அதில் அந்தச் செறிவு நிலவ 4 கிராம் சாறு உடலுக்குள் சேர வேண்டும். குடலில் பத்தில் ஒரு பங்கே உறிஞ்சப்படும் என்றால் 40 கிராம் விழுங்க வேண்டும். இலையின் எடையில் பத்தில் ஒரு பங்கு சாறாகும் என்றால், அது 400 கிராம் உலர்ந்த இலை. கல்லீரல் அதை ஒரு வேளைக்குள் சிதைக்கத் தொடங்கிவிடும். ஆக அடுத்த வேளைக்கும் அவ்வளவு. உணவாகக்கூட இது நடவாது.

எதிர்த்திசையிலும் கணக்கிட வேண்டும். பாக்ளிடாக்செல் மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம் அளவிலேயே பல செல் வரிசைகளின் வளர்ச்சியைப் பாதியாக்குகிறது. யூ பட்டையில் அதன் பங்கு 0.01 விழுக்காடு அளவே. பட்டையின் பத்தில் ஒரு பங்கு சாறாக வந்தால், சாற்றில் அது 0.1 விழுக்காடு. அந்தச் சாற்றின் ஐசி50 தோராயமாக 5 மைக்ரோகிராம் அளவில் அமையும். வெறும் 5 மைக்ரோகிராம் என்ற மங்கலான எண்ணுக்குப் பின்னால், ஆயிரம் மடங்கு வீரியமுள்ள ஒரு பொருள் ஒளிந்திருக்கிறது. சாற்றுக்கு 20 மைக்ரோகிராம், தூய சேர்மத்துக்கு 4 மைக்ரோகிராம் என்று தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் வழியில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட எல்லைகளின் பொருள் இதுதான். எண் சிறியதாக இருப்பது முடிவு ஆகாது. மேலே தொடரலாம் என்ற அனுமதி அது. தொடர்வது எப்படி என்றால், சாற்றைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் மீண்டும் செல்களில் சோதித்து, செயல் எந்தப் பகுதியில் செறிகிறதோ அதை மட்டும் மேலும் பிரிப்பது. சரியான பாதையில் போனால் ஒவ்வொரு படியிலும் ஐசி50 இறங்க வேண்டும். எல்லாப் பகுதிகளிலும் கொஞ்சம் கொஞ்சம் செயல் பரவி, எதிலும் செறியாமல் போனால், அது பெரும்பாலும் டானின்களின் வேலை.

1990இல் அந்நிறுவனம் ஒன்பது வகைப் புற்றுகளைச் சேர்ந்த 60 மனிதச் செல் வரிசைகளில் ஒரே நேரத்தில் சோதிக்கும் முறைக்கு மாறியது. அறுபதையும் ஒரே மாதிரி கொல்லும் பொருள் அங்கே ஆர்வத்தைத் தூண்டாது. சிலவற்றைக் கொன்று சிலவற்றை விட்டுவிடும் பொருளின் ‘கைரேகை’, தெரிந்த மருந்துகளின் கைரேகைகளோடு ஒப்பிடப்படும். ஒத்துப்போனால் செயல்படும் வழி ஒன்றாக இருக்கலாம். எதனோடும் ஒத்துப்போகாவிட்டால் புதிய வழி கிடைத்திருக்கலாம். ஒற்றைச் செல் வரிசையில் செய்த சோதனைக்கு இந்தப் பகுத்தறியும் திறன் கிடையாது.

ஈஸ்வரமூலி தந்த பாடம்

சாற்றுச் சோதனை எவ்வளவு தூரம் வழிதவறச் செய்யும் என்பதற்கு ஈஸ்வரமூலியைவிடச் சிறந்த சான்று இல்லை. பாம்புக்கடி முதலியவற்றுக்கு நாட்டு மருத்துவத்தில் பேர்பெற்ற இக்கொடியின் சாறு, எலியின் கட்டியில் செயல்பட்டது. 1962இல் மோரிஸ் குப்சானும் ரேமண்ட் டாஸ்காட்சும் அதன் செயற்பொருள் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்று கண்டறிந்து வெளியிட்டனர். புகழ்பெற்ற ‘கட்டித் தடுப்பிகள்’ கட்டுரைத் தொடரின் முதற்கட்டுரை அதுவே. செய்முறையில் குறை சொல்ல ஏதுமில்லை: தாவரம் அடையாளம் காணப்பட்டது, செயலைப் பின்தொடர்ந்து சேர்மம் பிரிக்கப்பட்டது, அமைப்பு உறுதியாயிற்று. 1964இல் வெளியான முதற்கட்ட மருத்துவப் பரிசோதனையில் நோயாளிகளின் சிறுநீரகம் பழுதானதும் ஆய்வு கைவிடப்பட்டது.

முப்பது ஆண்டுகள் கழித்து, பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்கச் சீன மூலிகை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தது. 1993இல் இது வெளிவந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக, ஈஸ்வரமூலி சேர்ந்த அரிஸ்டோலோக்கியா பேரினத்தின் வேறோர் இனம் கலந்துவிட்டிருந்தது. அவர்களுள் 39 பேரிடம் அகற்றப்பட்ட சிறுநீரகங்களையும் சிறுநீர்க்குழாய்களையும் ஆராய்ந்தபோது 18 பேருக்குச் சிறுநீர்ப்பாதைப் புற்று இருந்தது 2000இல் பதிவாயிற்று. அரிஸ்டோலோக்கிக் அமிலம் இன்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் பட்டியலில், மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியான முதல் தொகுதியில் இருக்கிறது. புற்றுநோய்க்கு மருந்தாகக்கூடும் என்று கண்டறியப்பட்ட பொருள், புற்றுநோய்க்குக் காரணமாக முடிந்தது. இதுபோல் டிஎன்ஏவைத் தாக்கும் எந்தப் பொருளுக்கும் இரு முகமும் உண்டு என்பதால் இதில் முரண் ஒன்றும் இல்லை. ‘மூலிகை என்பதால் பக்கவிளைவு இல்லை’ என்று முன்னுரையில் எழுதும் ஆய்வேடுகள் இந்த ஒரு செடியை நினைவில் கொண்டால் போதும்.

மனிதருக்குக் கொடுத்தபோது

விலங்குச் சோதனையைத் தாண்டியவற்றுக்கும் வழி எளிதாக இருந்ததில்லை. கேம்ப்டோதெசின் நீரில் கரையாது. அதைக் கரையும் உப்பாக்கி 1970களின் தொடக்கத்தில் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது, கட்டிகளில் பலன் சொற்பமாகவும் சிறுநீர்ப்பையில் ரத்தக்கசிவு கடுமையாகவும் இருந்தது. பரிசோதனை நிறுத்தப்பட்டது. 1985இல் அது டோப்போஐசோமரேஸ்-1 என்ற நொதியைச் சிக்கவைக்கிறது என்று தெரிந்த பிறகே ஆர்வம் திரும்பியது. செயல்வழி தெரிந்ததும், மூலக்கூற்றின் எந்தப் பகுதியைத் தொடாமல் எந்தப் பகுதியை மாற்றினால் கரைதிறன் கூடும் என்பதும் விளங்கியது. டோப்போடெகனும் இரினோடெகனும் 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. முதல் அமைப்பு வெளியானதிலிருந்து முப்பது ஆண்டுகள்.

இந்த வரலாற்றில் ஒரு தமிழ் வேதியியலாளருக்கும் இடமுண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்கைப் பொருள் வேதியியலை வளர்த்த டி. ஆர். கோவிந்தாச்சாரி, பின்னர் பம்பாயின் சீபா ஆய்வு மையத்தில் பணியாற்றியபோது, என். விசுவநாதனுடன் சேர்ந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் மாப்பியா ஃபோடிடா என்ற சிறுமரத்தில் கேம்ப்டோதெசின் இருப்பதை 1972இல் கண்டறிந்தார். சீன மரத்தோடு நெருங்கிய உறவு இல்லாத குடும்பத்துத் தாவரம் அது. இன்று நோத்தபோடைட்டிஸ் என்று வழங்கும் அம்மரம் கேம்ப்டோதெசினுக்கு முக்கிய மூலங்களுள் ஒன்றாகி, அதனாலேயே மலைகளில் அளவுக்கு மீறி வெட்டப்பட்டும் வருகிறது. கோவிந்தாச்சாரி தேடியது ஆல்கலாய்டுகளின் அமைப்பை. புற்றுநோய் மருந்தை அன்று. ஆயினும் பெயர் தெரியாத சாற்றின் ஐசி50 பட்டியல்கள் பலவற்றைவிட அந்தக் கட்டுரை மருந்துத் துறைக்கு மிகுதியாக உதவியிருக்கிறது.

பாக்ளிடாக்செலின் தடைகள் வேறு வகை. 1979இல் சூசன் ஹார்விட்ஸ், அது நுண்குழல்களைக் கலைப்பதற்கு மாறாக இறுக்கிப் பிடித்துச் செல் பிரிவதைத் தடுக்கிறது என்று காட்டினார். வின்பிளாஸ்டின் முதலிய வின்கா ஆல்கலாய்டுகள் செய்வதற்கு நேர்மாறான இந்தப் புதுமைதான் கைவிடப்படும் நிலையில் இருந்த சேர்மத்தைக் காப்பாற்றியது. பிறகு கரைதிறன் சிக்கல். அதற்காகச் சேர்த்த ஆமணக்கு எண்ணெய் வழிப் பொருளால் கடும் ஒவ்வாமை. பிறகு பட்டைத் தட்டுப்பாடு: ஒரு கிலோ மருந்துக்கு ஏறத்தாழ 10,000 கிலோ பட்டை, மெதுவாக வளரும் மரங்களை உரித்துச் சாகடித்து. 1992இல் சூலகப் புற்றுக்கு ஒப்புதல் கிடைத்தாலும், ஐரோப்பிய யூ மரத்தின் இலையில் கிடைக்கும் முன்மூலக்கூறிலிருந்து அதைத் தயாரிக்கும் முறை கைகூடிய பிறகே வழங்கல் சீரடைந்தது. இலை உதிர்ந்தாலும் மீண்டும் துளிர்க்கும். பட்டை உரிந்த மரம் துளிர்க்காது.

தோற்றவற்றுள் இரண்டைச் சொன்னால் போதும். சர்க்கரைப் பாதாமி விதையின் அமிக்டலினிலிருந்து வந்த லேட்ரைல், 1970களில் அமெரிக்காவில் பெரும் மக்கள் இயக்கமாகவே வளர்ந்தது. மேயோ மருத்துவமனையின் சார்லஸ் மோர்ட்டல் தலைமையில் 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1982இல் வெளிவந்தது: குணமில்லை, ஆயுள் நீளவில்லை, சிலரின் ரத்தத்தில் சயனைடு நச்சளவை நெருங்கியது. மஞ்சளின் குர்குமின் மற்றொன்று. கிண்ணத்தில் அது ஏறத்தாழ எல்லாப் புற்றுச் செல்லிலும் செயல்படுகிறது. அதுவே ஐயத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். நிலையற்றது, ஒளிரக்கூடியது, புரதங்களோடு கண்டபடி வினைபுரிவது என்பதால் பல சோதனைகளில் போலி விடை தருவது. நாளொன்றுக்கு 8 கிராம் வாய்வழி கொடுத்தும் ரத்தத்தில் அதன் சராசரி உச்ச அளவு 2 மைக்ரோமோலாரைத் தொடவில்லை. கிண்ணத்தில் செயல்பட அதைவிடப் பல மடங்கு தேவைப்படுகிறது. 120க்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகளுக்குப் பிறகும், இருமுனை மறைப்பும் போலிமருந்து ஒப்பீடும் கொண்ட ஆய்வு எதிலும் அது வெற்றி பெறவில்லை என்று 2017இல் வெளியான விரிவான மதிப்பீடு முடித்தது.

முழுச் சாறு என்ற வாதம்

சேர்மத்தைப் பிரிப்பதே தவறு, முழுச் சாற்றில் பல பொருள்கள் ஒன்றுக்கொன்று துணைநின்று செயல்படுகின்றன என்பது மரபு மருத்துவத்தின் சார்பில் வைக்கப்படும் வாதம். இதைப் புறந்தள்ள வேண்டியதில்லை. சோதித்துப் பார்க்க வேண்டும். கூட்டுச் செயல் உண்டென்றால், பிரித்த பகுதிகளை அதே விகிதத்தில் மீண்டும் கலக்கும்போது செயல் திரும்ப வேண்டும். தனித்தனிப் பகுதிகளின் கூட்டுத்தொகையை அது மிஞ்ச வேண்டும். இந்த எளிய சோதனையைச் செய்யாமல் கூட்டுச் செயலை உரிமை கோருவது வாதமாகாது.

இதற்கு எடுத்துக்காட்டான நிகழ்வு ஒன்று தாவர உலகுக்கு வெளியே இருக்கிறது. 1970களில் சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள், நாட்டு மருத்துவரின் கலவை ஒன்றை ரத்தப் புற்றுக்குக் கொடுத்துப் பலன் கண்டனர். அதில் ஆர்சனிக், பாதரச உப்பு, தேரை நஞ்சு மூன்றும் இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில் செயல் ஆர்சனிக்கினுடையது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்க மட்டுமே உதவியது. இன்று ஆர்சனிக் டிரையாக்சைடு, ரத்தப் புற்றின் ஒரு குறிப்பிட்ட வகைக்கு முதல்நிலை மருந்து. மரபு மருத்துவத்துக்குக் கிடைத்த மிகத் தெளிவான வெற்றி அது. பிரித்துப் பார்க்கத் துணிந்ததால் கிடைத்தது. பாடாணங்களைக் கையாளும் சித்த மருத்துவத்துக்கு இது நெருக்கமான செய்தி.

ஒற்றைச் சேர்மமாகப் பிரிக்காமல் சாற்றின் ஒரு பகுதியை மருந்தாக்கச் சட்டத்திலும் இடமிருக்கிறது. இந்திய அரசு 2015இல் வெளியிட்ட அறிவிக்கை, குறைந்தது நான்கு சேர்மங்களின் அளவு வரையறுக்கப்பட்ட, தூய்மைப்படுத்திய தாவரப் பகுதியைத் தனி மருந்து வகையாக ஏற்கிறது.  அதன்பின் நச்சியல், மருத்துவப் பரிசோதனை என்று வழக்கமான பாதை. முழுச் சாற்று வாதத்தை முன்வைப்போர் இந்தப் பாதையில் நடந்து காட்டலாம்.

நோயாளி மருந்தோடு சாற்றையும் சேர்த்து உட்கொள்ளும்போது வரும் கேடு தனி ஆய்வுக்குரியது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற ஐரோப்பிய மூலிகை, இரினோடெகனின் செயல்வடிவத்தை ரத்தத்தில் 42 விழுக்காடு குறைத்தது 2002இல் நெதர்லாந்தில் பதிவானது. ஒரு தாவரம் தந்த மருந்தை இன்னொரு தாவரம் வெளியேற்றிவிட்டது.

ஓர் ஆய்வேட்டில் குறைந்தது இருக்க வேண்டியவை

முதலாவது அடையாளம். சேகரித்த செடியின் சான்று மாதிரி கோவை, திருச்சி போன்ற இடங்களில் உள்ள முறையான உலர்தாவரகத்தில் எண்ணுடன் இருக்க வேண்டும். சேகரித்த இடமும் மாதமும் குறிக்கப்பட வேண்டும். சந்தையில் வாங்கிய வேர்த்துண்டுக்கு ஊர்ப்பெயரைக் கொண்டு லத்தீன் பெயர் சூட்டுவது அடையாளம் ஆகாது. மலேசியாவின் சராவாக் காட்டில் எச்ஐவிக்கு எதிராகச் செயல்பட்ட மரமொன்றை மீண்டும் தேடிச் சென்ற குழு, அது வெட்டப்பட்டிருக்கக் கண்டது. அதே இனத்தின் அருகிலிருந்த மரங்களில் அந்த அளவுச் செயல் இல்லை. இனப்பெயர்கூடப் போதாது, மரமே முக்கியமாகலாம் என்பதற்கு இது சான்று. மாதிரியின் ஒரு பகுதியைப் பத்திரப்படுத்தி வைப்பது இதனால்தான் கட்டாயமாகிறது. வணிக நோக்கிலும் வெளிநாட்டுக் கூட்டுறவிலும் நடக்கும் ஆய்வுகளுக்கு 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம் விதிக்கும் கடமைகளும் உண்டு. அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் தேசிய ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது.

அடுத்து, செல் வரிசையின் அடையாளச் சான்று, பல புற்றுச் செல்களோடு பொருத்தமான மனிதச் சாதாரணச் செல், செல் இல்லாத குழிகளின் அளவீடு, வேறொரு முறையால் உறுதிப்பாடு, தெரிந்த மருந்தொன்றோடு ஒரே தட்டில் ஒப்பீடு. பாக்ளிடாக்செலையோ டாக்சோரூபிசினையோ பக்கத்துக் குழியில் வைத்துப் பார்த்தாலே பல சாறுகளின் உண்மை நிலை தெரிந்துவிடும். ஐசி50 எல்லைக்குள் வந்தால் டானினை நீக்கி மீண்டும் சோதிக்க வேண்டும். அதன்பின்னும் செயல் நின்றால் குறைந்தது ஒரு படியாவது பிரித்து, செயல் செறிகிறதா என்று காட்ட வேண்டும். பெரிய கருவிகள் இல்லாத கல்லூரியிலும் இவ்வளவும் செய்யலாம். எல்லைக்குள் வராத சாறுகளையும் வெளியிட வேண்டும். அவை பயனுள்ள எதிர்மறை முடிவுகள். ஒரே செடியை வேறு வேறு ஊர்களில் மீண்டும் மீண்டும் சோதிக்கும் வீண்வேலை அதனால் குறையும்.

இவற்றை நிபந்தனையாக்க வேண்டியவர்கள் ஆய்வு நெறியாளர்களும் இதழாசிரியர்களும்தான். இந்த விவரங்கள் இல்லாத கட்டுரையைப் புற்றுநோய்க்கு எதிரான சான்றாக ஏற்று அச்சிட வேண்டாம். தாவர வேதியியல் குறிப்பாக அச்சிடலாம். நோயாளியும் அவர் குடும்பமும் இணையத்தில் தேடும்போது முதலில் கண்ணில் படுவது இத்தகைய கட்டுரைகளின் முடிவுரைகளே என்பதால், இந்தக் கண்டிப்பு மருத்துவத்தின் தேவையும் ஆகிறது.